பாஸ்வேர்டை யாரும் உட்கார்ந்து யூகிப்பதில்லை

2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தின் தகவல்தளம் திருடுபோனது. சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள், எந்த மறைப்பும் இல்லாமல் பச்சையாக எழுதி வைக்கப்பட்டிருந்தன! அதில் 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது 123456.

அந்தப் பட்டியல் இன்றும் ஹேக்கர்கள் கையில் அகராதிபோலப் புழங்குகிறது. மென்பொருள் அதிலுள்ள ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்கும். 'முருகன்@123' என்று ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோமே, பெயருக்குப் பின்னால் @123 ஒட்டுவதெல்லாம் அதற்கு மனப்பாடம்.

இதைவிட மோசம், ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைப்பது. ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்தில் கசிந்ததை அப்படியே கொண்டுபோய் ஜிமெயிலிலும் பேங்க்கிலும் போட்டுப் பார்ப்பார்கள். யூகிக்கவே வேண்டாம், சாவியே கையில் இருக்கிறது.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள்: தயிர், குடை, தண்டவாளம், மூக்குத்தி என்கிற மாதிரி. (இதையே வைக்காதீர்கள், நான்தான் சொல்லிவிட்டேனே!) தளத்துக்குத் தளம் வேறு வேறாக இருக்கட்டும், நினைவில் நிற்காது என்றால், எல்லாவற்றையும் பூட்டிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி போதும். மெயிலுக்கு மட்டுமாவது, பாஸ்வேர்டோடு போன் போன்ற இன்னொன்றிலும் உறுதி கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே ஆன் செய்துவிடுங்கள், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் எல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது.