கார் எடுக்காம மதுரையில இருந்து ராமேஸ்வரம் போறது எப்படி?

ராமேஸ்வரம்னாலே உடனே கார் வாடகை கேக்குறாய்ங்க, தேவையே இல்லங்க. மாட்டுத்தாவணியில பஸ் அடிக்கடி இருக்கு, ஆனா நான் சொல்றது காலையில மதுரை ஜங்ஷன்ல பாசஞ்சர் ஏறிருங்க, டிக்கெட்டும் கம்மி, 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் பாலத்துல ரெண்டு பக்கமும் கடல் தெரிய வண்டி போகும் பாருங்க, அதுக்கே குடுத்த காசு சரியாப்போகும். ஜன்னல் சீட்டு முக்கியம், சீக்கிரமே போயி உக்காந்துருங்க.

ரூமை கோயில் பக்கமா போடுங்க, அக்னி தீர்த்தமும் 22 தீர்த்தமும் நடந்தே முடிஞ்சுரும். கலாம் மணிமண்டபத்துக்கு ஆட்டோ போதும், ஏறுறதுக்கு முன்னாடியே ரேட்டு பேசிக்கங்க.

தனுஷ்கோடிக்கு டவுன் பஸ்ஸே போகுது. 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்சு சுவரை பாத்துட்டு, நிலம் முடியிற அரிச்சல்முனைக்கு போங்க, ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கெடக்கும், மறுபக்கம் அலை போட்டு அடிக்கும், அரிச்சல்முனையில எந்தப் பக்கமும் குளிக்க இறங்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி. சாயங்காலம் எல்லாரையும் கிளப்பிவிட்டுருவாங்க, அதனால மதியமே போயிருங்க, நிழல் சுத்தமா கிடையாது, தொப்பி தண்ணி ரெண்டும் கைவசம் இருக்கணும். திரும்புற கடைசி பஸ் எப்பன்னு இறங்கும்போதே கண்டக்டர் அண்ணன்கிட்ட கேட்டு வச்சுக்கங்க.