கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறதா? வாஷரை மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கூனில் மாலை நேரத்தில் லேடான் சந்திப்பைக் கடந்தவர்களுக்குத் தெரியும், ஒரு சிக்னலுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று. மேனுவல் கியர் வண்டி ஓட்டுபவர்கள் பலர் அந்த நேரம் முழுவதும் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடியே நிற்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்றால், கிளட்சின் அழுத்தம் கிராங்க் ஷாப்டை, அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டை, அதன் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பக்கமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது பிறை வடிவத்தில் இருக்கும் மெல்லிய த்ரஸ்ட் வாஷர்கள்தான். சில இன்ஜின்களில் தனி வாஷர் இருக்காது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கின் விளிம்பே அந்த வேலையைச் செய்யும்.

கிராங்க் நீளவாக்கில் துளியும் அசையக் கூடாது என்று நினைப்பது தவறு. கொஞ்சம் அசைய வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் ஆயில் போக வழியிருக்காது, சூட்டில் விரிந்து கடித்துக்கொள்ளும். பல பெட்ரோல் இன்ஜின்களில் இது ஏறக்குறைய 0.05 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரண்டு காகிதத்தின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.30-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் உங்கள் இன்ஜினுக்கான எண்ணை அதன் மேனுவலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதுதான் பெரிய தவறு. சில வருடங்களுக்கு முன் தாட்டோனிலிருந்து ஒரு அண்ணன் என் பட்டறைக்கு வண்டி கொண்டுவந்தார். கிராங்கின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீலில் கசிவு. சீலை மாற்றி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் அதே கசிவோடு திரும்பி வந்தார். இந்த முறை அவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் முன்னால் குனிந்து புல்லியைப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் புல்லி வெளியே வந்து வந்து போனது. கிராங்க் அப்படி நகர்ந்தால் எந்தச் சீலும் நிலைக்காது. அன்றிலிருந்து, சீல் கசிகிறது என்று வரும் மேனுவல் வண்டிக்கு முதல் சோதனை இதுதான். கிளட்சை மிதித்ததும் இன்ஜின் சத்தம் மாறினாலும், கிராங்க் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார் அடிக்கடி கோளாறு காட்டினாலும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆனால் புல்லி ஆடுவதெல்லாம் கிராங்க் ஆட்டம் இல்லை. புல்லிக்குள் இருக்கும் ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் மட்டும் கோணலாகச் சுற்றும். நடுப் போல்ட்டைப் பாருங்கள். அது அசையாமல் வளையம் மட்டும் ஆடினால் புல்லியை மாற்றினால் போதும்.

அளக்கும்போது, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை கிராங்கின் முன்முனைக்கு நேரே, அதே கோட்டில் வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் அளவு பொய் சொல்லும். பெல்டைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஒரு பக்கம் முழுவதும் தள்ளி கேஜைப் பூஜ்யத்தில் நிறுத்தி, மறுபக்கம் நெம்பிப் படியுங்கள். புல்லியின் விளிம்பைக் கம்பியால் நெம்பாதீர்கள், நல்ல புல்லியும் கெட்டுப்போகும்.

சரி, தேய்ந்தது உறுதியாகிவிட்டது. இப்போது எல்லோரும் வாஷரை வாங்க ஓடுகிறார்கள். எதற்காகத் தேய்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கிளட்ச் பெடலில் கொஞ்சமும் சும்மா போகும் தூரம் இல்லாமல் இறுக்கி வைத்தால், காலை எடுத்த பிறகும், கிளட்சை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். காலைப் பெடல் மேலேயே வைத்து ஓட்டுவதும் அதே கேடுதான். ஆட்டோமேட்டிக் வண்டியில், கிளட்சுக்குப் பதிலாக இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும். கியர் பாக்ஸை ஏற்றும்போது கன்வெர்ட்டர் கியர் பாக்ஸின் ஆயில் பம்புக்குள் முழுவதும் உட்காராமல் போல்ட்டை இறுக்கினால், அது கிராங்கை முன்னால் தள்ளியபடியே இருக்கும். கிராங்கின் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற தட்டில் கன்வெர்ட்டரை மாட்டுவதற்கு முன், இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தக் காரணங்களைத் தீர்க்காமல் போட்ட புது வாஷரும் பழையதன் வழியே போகும்.

பொருத்தும்போது நான் அதிகம் பார்த்த தவறு, வாஷரைத் திருப்பிப் போடுவது. ஆயில் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும், பிளாக்கைப் பார்க்கக் கூடாது. திருப்பிப் போட்டால் ஆயில் சேராமல் சீக்கிரமே கரைந்துவிடும். பழைய வாஷர் மிகவும் தேய்ந்து கழன்று, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் பேனுக்குள் விழுந்திருந்தால், கிராங்கின் உராயும் முகத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வரி தட்டினால், இரும்பு இரும்பிலேயே ஓடியிருக்கிறது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சரிசெய்து, தடிப்பான வாஷர் போட வேண்டும். சாதா வாஷரைச் சொருகி அனுப்புவது வண்டிக்காரரின் பணத்தைத் தண்ணீரில் போடுவது. பேனையும் ஆயில் உறிஞ்சும் வலையையும் கழுவாமல் மூடாதீர்கள், அந்தப் பொடி மற்றப் பேரிங்குகளையும் தின்றுவிடும்.

விளிம்பு பேரிங் வகையில் இன்னொன்று. மெயின் பேரிங்கைப் பிடிக்கும் மூடியான மெயின் கேப்பை மேனுவல் சொல்லும் முழு அளவுக்கு இறுக்குவதற்கு முன், போல்ட்டைக் கையிறுக்கமாக வைத்துக்கொண்டு கிராங்கை முன்னும் பின்னும் தள்ளுங்கள். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே கோட்டுக்கு வரும். இல்லையென்றால் பாதி மட்டும் பாரத்தைச் சுமக்கும். இறுக்கியபின் மறுபடி அளந்து, எண்ணை எழுதி வைப்பது என் வழக்கம்.

அப்புறம், ஓட்டுபவர் கையில் இருப்பது: சிக்னலில் நியூட்ரலுக்கு வாருங்கள், காலை எடுத்துவிடுங்கள். காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போதும் முடிந்தால் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சைத் தொடாமல் செய்யுங்கள். ஆயில் ஏறுவதற்கு முன்பே வாஷர் மேல் பாரம் விழாமல் இருக்கும்.

1970-இல் மியான்மரில் நாம் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறினோம். ஆனாலும் இங்கே ஓடுபவற்றில் பல, ஜப்பானில் ஓடி முடித்து வந்த வலக்கை ஸ்டியரிங் வண்டிகள்தான். பழைய இன்ஜினையும் அப்படித்தான் வாங்குகிறோம். விலை பேசுவதற்கு முன், கிராங்கின் பின்முனையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைப் பிடித்து இழுத்துத் தள்ளிப் பாருங்கள். விரலுக்கு லேசாகத் தட்டுவது இயல்பு. நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், அதை விட்டு அடுத்த இன்ஜினிடம் போங்கள்.