சைட் வேர்ட்ஸ் சொல்லிக்குடுக்கும்போது இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

சைட் வேர்ட்ஸ்னா இங்கிலீஷ்ல எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வந்து நிக்கிற தி, வாஸ், செட் (said), ஹேவ் மாதிரி குட்டி குட்டி வார்த்தைங்க. டால்ச்னு ஒரு அமெரிக்கர் 1936லயே 220 வார்த்தைக்கு லிஸ்ட் போட்டாரு, இப்போ கிளாஸ் சுவத்துல ஒட்டியிருக்கிற பல சார்ட்டும் அதுலேந்து எடுத்ததுதான். பேர்லயே சைட்னு, அதாவது பார்வைன்னு இருக்கா, அதனால படம் மாதிரி பாத்து மனப்பாடம் பண்ணணும்னு நெனச்சுக்குறோம். பெரிய தப்பே இதுதான்.

என்கிட்ட ரெண்டாங்கிளாஸ் படிச்ச பையன் ஒருத்தன் 'செட்' கார்டை எடுத்தா டக்குனு சொல்லிடுவான், அதையே போர்டுல எழுதினா முழிப்பான். அப்புறம்தான் பாத்தேன், அந்தக் கார்டுக்கு மட்டும் ஒரு மூலை மடிஞ்சிருக்கு, அவன் படிச்சது அந்த மடிப்பை! ஃபிலிப் கஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதை சோதிச்சே பாத்திருக்காரு, கார்டு ஒண்ணுல கட்டைவிரல் ரேகையை வச்சுக் குடுத்தா பிள்ளைங்க அந்த ரேகையைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, வார்த்தையே இல்லாம வெறும் ரேகையைக் காட்டினாலும் அதே வார்த்தையைச் சொன்னாங்க.

அதனால சத்தத்துலேந்து ஆரம்பிங்க. செட், மூணு சத்தம், ஸ்-எ-ட்னு மூணு விரலை மடக்கச் சொல்லுங்க, அப்புறம் எஸ் ஏ ஐ டின்னு எழுதுங்க. மொத எஸ் ஒழுங்காத்தான் இருக்கு, கடைசி டியும் ஒழுங்காத்தான் இருக்கு, நடுவுல இருக்கிற ஏ ஐ மட்டும்தான் ஏமாத்துது, அதுக்கு மட்டும் செவப்பு கோடு போடுங்க, ஞாபகம் வச்சுக்க வேண்டியது அவ்வளவுதான். 220ல இட், கேன், டிட், கெட் மாதிரி நெறைய வார்த்தை எழுத்துக்கூட்டினாலே வந்துடும், அதையும் ஏன் உருப்போட வைக்கணும்? ஹேவ், கிவ், லிவ் மூணுக்கும் கடைசில ஏன் ஈ வருதுன்னா இங்கிலீஷ்ல பொதுவா வி எழுத்துல வார்த்தையை முடிக்க மாட்டாங்க, இதை ஒரு தடவை சொல்லிட்டா மூணும் சேந்தே வந்துடும்.

அடுத்தது, இது நம்ம ஊர்ல ரொம்ப ஜாஸ்தி, வார்த்தைக்கு மேல பென்சிலால தமிழ்ல எழுதிக் குடுக்குறது. தயவுசெஞ்சு வேணாம். பிள்ளையோட கண்ணு தமிழுக்குத்தான் போகும், கீழ இருக்கிற எழுத்தை அது பாக்கவே பாக்காது. அதுவும் ஒரு எஃப் போட்ட ஆஃப், ரெண்டு எஃப் போட்ட ஆஃப், ரெண்டையும் தமிழ்ல ஒரே மாதிரிதானே எழுதுறோம், ஆனா மொத வார்த்தைல அந்த எஃப்புக்கு வ் சத்தம், அது பிள்ளைக்குத் தெரியாமயே போயிடும்.

பத்து தடவை எழுதுன்னு இம்போசிஷன் குடுக்குறவங்க, ஒரு நாள் பிள்ளை எழுதும்போது பக்கத்துல உக்காந்து பாருங்க. மேலேந்து கீழ வரிசையா பத்து டபிள்யூ, அப்புறம் பத்து ஏ, அப்புறம் பத்து எஸ்! நோட்டு என்னமோ நிறைஞ்சிடும், ஆனா வாஸ்ங்கிற வார்த்தையை ஒரு தடவைகூட முழுசா எழுதியிருக்காது. மூணு தடவை போதும், ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தத்தைச் சொல்லிக்கிட்டே எழுதட்டும்.

வாஸ் (was), சா (saw) இந்த ரெண்டையும் ஒரே நாள்ல எடுக்காதீங்க, திருப்பிப் போட்டா அதே எழுத்துங்க. வேர் (where), வெர் (were) ரெண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், அதையும் ஒரே நாள்ல எடுக்காதீங்க. ஒண்ணு நல்லா நின்னப்புறம் ரெண்டு மூணு வாரம் விட்டு அடுத்ததுக்குப் போங்க.

தி, ஆஃப் எல்லாம் தனியா கார்டுல இருந்தா நம்ம பிள்ளைக்கு ஒண்ணுமே புரியாது, ஏன்னா அந்த இடத்துல தமிழ்ல வார்த்தையே கிடையாது. எ கப் ஆஃப் டீன்னு அவங்க சொல்றதை நாம ஒரு கப் டீன்னு முடிச்சிடுறோம், ஆஃப் எங்க போச்சுன்னு பிள்ளை தேடாதா? அதனால வாக்கியத்தோட குடுங்க. ஒரு நாளைக்கு மூணு வார்த்தை, மறுநாள் கதைப் புத்தகத்தைக் குடுத்து அந்த மூணும் எங்கெங்க இருக்குன்னு விரல் வச்சுத் தேடச் சொல்லுங்க, கண்டுபிடிச்ச வரியை முழுசா வாசிக்கச் சொல்லுங்க.