போன் திரைக்கு எழுதுவது: குமரி மாவட்டத் தகவல்களை வைத்து

"இயற்கை எழில் கொஞ்சும் குமரி மாவட்டத்தில் கடந்த சில நாட்களாகப் பெய்து வரும் கனமழை காரணமாக…" என்று செய்தியைத் தொடங்கினால் போனில் இரண்டு மூன்று வரி அதிலேயே போய்விடும். நோட்டிஃபிகேஷனிலும் கூகுள் தேடலிலும் கண்ணில் படுவது அவ்வளவுதான். இப்படி எழுதுங்கள்: "திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை, பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறப்பு." எங்கே, என்ன, ஏன் மூன்றும் வந்துவிட்டன. அணையின் முழு மட்டமான 48 அடியில் எத்தனை அடி தண்ணீர் என்ற கணக்கும் மழை அளவும் அடுத்த பத்திக்குப் போகட்டும்.

அதிகம் சொதப்புவது தேதியில். மழை வலுத்தால் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, கலெக்டர் அறிவிப்பு" என்ற மெசேஜ் சுற்றத் தொடங்கும். சில நேரம் அது போன வருஷத்து மெசேஜ். முதலில் எழுதியவர் பொய் சொல்லவில்லை, "நாளை" என்று எழுதியதோடு விட்டுவிட்டார். இன்று, நாளை, வரும் வெள்ளி எல்லாவற்றையும் தூக்கிவிட்டு "17.11.2025, திங்கட்கிழமை" என்ற அமைப்பில் எழுதுங்கள். கிழமை அவசியம்: யாராவது தேதியை மட்டும் திருத்திப் பரப்பினால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். தேதி முதல் வரியிலேயே இருக்கட்டும், கடைசியில் போட்டால் ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டுப்படும். மாவட்டம் முழுவதுமா, சில தாலுகாக்களா, கல்லூரிக்கும் உண்டா என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பல வருஷம் நிற்கும் கட்டுரைக்குக் கணக்கு வேறு. பத்மநாபபுரம் அரண்மனை பற்றி எழுதினால், தக்கலைக்குப் பக்கம், திங்கட்கிழமை விடுமுறை என்ற இரண்டும் மேலே வரட்டும், வரலாறு அப்புறம். கட்டணம் மாறக்கூடியது, அதனால் எந்த மாதம் விசாரித்தது என்று சேர்த்துப் போடுங்கள்.

ஊர்ப்பெயர் தேடலில் கிடைக்க வேண்டும். நாகர்கோவில், நாகர்கோயில் இரண்டும் புழக்கத்தில் உண்டு. தலைப்பில் ஒன்று, உள்ளே ஒரே ஒரு தடவை மற்றொன்று போதும். மரச்சீனி என்று தாராளமாக எழுதலாம், ஆனால் முதல் முறை பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு என்று சேர்க்காவிட்டால் மதுரைக்காரருக்கு விளங்காது. "வேப்பமூடு" என்றால் உள்ளூர்க்காரருக்குப் போதும். வெளியூர்க்காரருக்கு "நாகர்கோவில் வேப்பமூடு ஜங்ஷன்" வேண்டும்.

டிடிபி சென்டரில் பாமினி ஃபான்டில் அடித்த நோட்டீஸை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அந்த ஃபான்ட் ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் கொடுத்து வைத்திருப்பதுதான் காரணம். யூனிகோடுக்கு (எல்லா போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை) மாற்றிய பிறகு துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' இருக்கிறதா என்று பாருங்கள். மாத்தூர் 'மரத்தூர்' ஆகிவிட்டால் கண் ஏமாந்துவிடும், கூகுள் ஏமாறாது. மாத்தூர் தொட்டிப்பாலத்தை (கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் உயரப் பாலம்) தேடுபவருக்கு உங்கள் பக்கம் கிடைக்காது.

எழுத்துக் கணக்கிலும் இடிக்கும். 'மாத்தூர்' நமக்கு 4 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 8, ஏனென்றால் காலும் புள்ளியும் தனித்தனி. எக்ஸ் தளத்தின் 280 எழுத்து வரம்பு தமிழில் வேகமாகத் தீரும். எஸ்எம்எஸ் என்றால் ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70தான். தாண்டினால் இரண்டு மெசேஜுக்குக் காசு.

திருவிழா நோட்டீஸைப் படமாக மட்டும் போடாதீர்கள். படத்திலிருக்கும் போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகாது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடும். நேரம், இடம், நம்பர் மூன்றையும் படத்துக்குக் கீழே டைப் செய்துவிடுங்கள்.

தப்பாகப் போய்விட்டதா? வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் எடிட் செய்யலாம், ஆனால் அதற்குள் ஃபார்வர்ட் ஆன பிரதிகள் மாறாது. அதனால் எடிட்டோடு நிற்காமல் "திருத்தம்" என்று தொடங்கித் தனி மெசேஜ் போடுங்கள். அதில் சரியான தகவலை மட்டும் முழுசாக எழுதுங்கள். பழைய தப்பை மறுபடி எழுதினால் அதைத்தான் வெட்டி அனுப்புவார்கள்.