ஒன்பதாம் நாளில் மாத்திரையை நிறுத்தியவன் எழுதுவது

அல்சருக்கு முதல் தடவை கொடுத்த 14 நாள் மருந்தை ஒன்பதாம் நாளிலேயே நிறுத்திவிட்டேன். வயிற்றெரிச்சல்தான் போய்விட்டதே என்ற தெம்பு. எரிச்சலைத் தணித்தது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டும்தான். அல்சருக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இரைப்பைச் சளிக்குள் சௌக்கியமாகவே இருந்தது.

மருந்தை டாக்டர்தான் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அவரிடம் எதையும் மறைக்காதீர்கள்: பென்சிலின் ஒவ்வாமை, கர்ப்பம், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, மூட்டுவலிக்கு விழுங்கும் மாத்திரை. என்றோ இருமலுக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கையும் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு ஏற்கெனவே பழகிய கிருமி மறுபடி அதற்கு மசியாது. எனக்கு முதலில் கொடுத்தது அதுவும் அமாக்சிசிலினும். இரண்டாம் தடவை அவை இல்லை. பிஸ்மத், அதோடு டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்ற இரு ஆன்டிபயாடிக்குகள், மூன்றும் நாளுக்கு நான்கு வேளை; அமிலத்தைக் குறைக்கும் அந்த ‘அமில மாத்திரை’ இரண்டு வேளை. நாளுக்கு 14, மொத்தம் 196 மாத்திரைகள். எண்ணிப் பார்த்து மலைத்துப்போனேன்.

அன்றன்றைய மாத்திரைகளை முந்தைய இரவே நான்கு சிறு டப்பாக்களில் பிரித்து வைத்தேன். ஞாபகசக்தியை நம்பி ஒருமுறை ஏமாந்தது போதும். அமில மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். அதைச் சில்லறையாக நினைக்காதீர்கள். அமிலம் குறைந்தால்தான் ஆன்டிபயாடிக்குகள் நன்றாக வேலை செய்யும். டெட்ராசைக்ளினோடு பால், சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகள் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கும் புண்ணாகிவிடும். மெட்ரோனிடசோல் முடிந்து மூன்று நாளாவது ஆகும்வரை மதுவைத் தொடக் கூடாது.

மூன்றாம் நாள் வாயெல்லாம் இரும்பை நக்கியது போலிருந்தது. ஐந்தாம் நாள் கண்ணாடியில் நாக்கைப் பார்த்து அலறினேன்: கறுப்பு! மலமும் கறுப்பு. பிஸ்மத்தின் வேலை அது, மருந்து முடிந்ததும் போய்விடும். ஆனால் தார் போல் பிசுபிசுத்து, கடும் நாற்றத்துடன் போனாலோ, தலைசுற்றல் அல்லது ரத்த வாந்தி இருந்தாலோ புண்ணில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தோலில் தடிப்பு, மூச்சுத் திணறல், நிற்காத வயிற்றுப்போக்கு வந்தாலும் டாக்டரைக் கேட்காமல் அடுத்த வேளை மருந்தைத் தொடாதீர்கள். வெறும் குமட்டலுக்கு நிறுத்த வேண்டியதில்லை. பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984இல் இந்தக் கிருமியை வளர்த்த திரவத்தையே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் பெற்றார். அவரை நினைத்துக்கொண்டுதான் பல வேளைகளை விழுங்கினேன்.

கடைசி மாத்திரையோடு வேலை முடியவில்லை. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை. அதற்கு இரண்டு வாரம் முன்பே, டாக்டரிடம் கேட்டு, அமில மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும் கிருமியும் இல்லாதது போல் காட்டும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி ஒழிந்த பின்னும், அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் நெடுநாள் தங்கிவிடும்.

இந்த முறை எனக்குக் கிருமி இல்லை என்று வந்தது. உங்களுக்கு இருக்கிறது என்று வந்தால், பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். எவற்றையெல்லாம் சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.