அன்பியத்தில் நற்செய்தியையும் அடுத்தவரையும் கேட்பது எப்படி?

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டில் கூடி நற்செய்தி வாசித்துப் பகிரும் கூட்டம்) நடத்துகிறவர் முதலில் நேரத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை தோட்டத்துக்குப் போகும் பெண்கள், பறித்த பழத்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுவதற்குள் இருட்டிவிடுகிறது. அவர்களை ஆறு மணிக்கு அழைத்துவிட்டு, வரவில்லையே என்று குறைபடுவது நியாயமன்று. ஏழரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் வந்தால் இரண்டு வட்டங்களாகப் பிரியுங்கள். லைன் வீட்டின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) முன்னறையில் பாய் விரித்து எல்லோரும் தரையிலேயே அமரலாம். ஒருவருக்கு மட்டும் நாற்காலி போட்டால் கூட்டம் முழுவதும் அவர் முகத்தைப் பார்த்தே பேசும் (முழங்கால் வலியுள்ள பாட்டிகளுக்கு இந்த விதி பொருந்தாது).

நம் அன்பியங்கள் பலவும் அறிந்திருப்பது, தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்னும் கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனத்திலிருந்து பரவிய ஏழு படி நற்செய்திப் பகிர்வு முறை. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தில் தைத்த சொல்லை உரக்கச் சொல்லுதல், மௌனம், பகிர்வு, செயலைத் தீர்மானித்தல், செபம் என்று அது செல்லும். பழக்கத்தில் நான்காம் படியான மௌனம் அரை நிமிடமாகச் சுருங்கிவிட, ஐந்தாம் படியான பகிர்வு இரண்டாவது மறையுரையாகிவிடுகிறது. இந்தக் குறைக்கு நல்ல மருந்து, திருத்தந்தை பிரான்சிஸ் 2021 அக்டோபரில் தொடங்கி வைத்த ஆயர்கள் மாமன்றத்தில் (உலகத் திருச்சபையின் ஆலோசனைக் கூட்டம்) கையாளப்பட்ட ‘தூய ஆவியாரில் உரையாடல்’ என்னும் முறை. 2023 அக்டோபரில் உரோமையில் கர்தினால்களும் ஆயர்களும் அருள்சகோதரிகளும் பொதுநிலையினரும் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து இம்முறையில்தான் பேசினார்கள். அதற்கு மேசைகூடத் தேவையில்லை. மூன்று சுற்றுகளும் இடையிடையே மௌனமும் போதும்.

வாசகத்துக்கு வரும் ஞாயிறு நற்செய்தியை எடுத்துக்கொள்ளலாம். கேட்பதைப் பற்றியே சிந்திக்க விரும்பினால் மாற்கு 10:46-52 பொருத்தமானது. எரிகோவை விட்டு இயேசு புறப்படும்போது வழியோரம் இருந்த பார்வையற்ற பர்த்திமேயு அவரை நோக்கிக் கத்துகிறார். பேசாதிரு என்று அதட்டுபவர்கள் இயேசுவோடு நடந்து வருகிறவர்களே. இயேசு நின்றுவிடுகிறார். அவரைக் கூப்பிடுங்கள் என்கிறார். அதட்டிய வாயே இப்போது அழைக்க வேண்டியதாகிறது. பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனாலும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்கிறார். இந்தக் கேள்வியை நெறிப்படுத்துபவர் மெதுவாக இரண்டு முறை வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. பிறகு மூன்று நிமிட மௌனம். செல்பேசியை அணைத்து ஒரு தட்டில் வைத்துவிடுங்கள்.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், தம் வாழ்க்கையிலிருந்து மட்டும் பேச வேண்டும். யாரும் குறுக்கிடக் கூடாது; பதிலும் ஆறுதலும்கூட வேண்டாம். இதை நான் கற்றது ஒரு தவறு செய்துதான். ஒருங்கிணைப்பாளராக இருந்த முதல் ஆண்டில், தோட்ட வேலை செய்யும் ஓர் அக்கா, தம் மகன் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டதைச் சொல்லத் தொடங்கினார். பழத்தின் பிசின் காய்ந்து கறுத்திருந்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தபடியே பேசினார். அவர் முடிக்குமுன்பே, இன்ன இடத்தில் தொழிற்பயிற்சி இருக்கிறது, இன்னாரைப் பாருங்கள் என்று நான் அடுக்கிவிட்டேன். “சரிங்க” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் மூன்று மாதம் அவர் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. மகன் போன நாளில் தாம் அவனை ஏசிவிட்டதைச் சொல்லத்தான் அன்று வாயெடுத்தார் என்பது பின்னாளில் தெரிந்தது.

மீண்டும் மௌனம், பிறகு இரண்டாம் சுற்று. இதில் தம் கருத்தைச் சொல்ல அனுமதியில்லை. மற்றவர் சொன்னவற்றில் தம்மைத் தொட்டது எது என்பதை மட்டும் ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். என் பார்வையில் கூட்டத்தின் உயிர் இந்தச் சுற்றில்தான் இருக்கிறது. தமக்குப் பேச வராது என்று ஒதுங்கியிருந்தவர், தம் சொல்லை வேறொருவர் திருப்பிச் சொல்லக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார். நன்றாகப் பேசிப் பழகியவர்களுக்கோ இதுதான் கடினம். கேட்டிராவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. பேச மனமில்லாதவர் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லித் தம் முறையைக் கடக்கலாம்.

மூன்றாம் சுற்றில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு செயலை முடிவுசெய்யுங்கள். யார், எந்த நாளில், எந்த வீட்டுக்கு என்று துல்லியமாக இருக்கட்டும். ‘அன்பாக வாழ்வோம்’ என்பதை முடிவாக ஏற்காதீர்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளாத கருத்து இருந்தால், அதை மழுப்பாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் பெயர்கள் வேண்டாம். பங்குத்தந்தையிடமோ பங்குப் பேரவையிலோ சொல்ல வேண்டியது எது என்பதை, சொன்னவரின் சம்மதம் பெற்ற பிறகே எழுதுங்கள். குடும்பச் சண்டை, கடன், குடிப்பழக்கம் பற்றிக் கேட்டவை அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே வரிசையில் சுவரோடு சுவராகக் குடியிருக்கும் இடத்தில் ஒரு சொல் கசிந்தால், அடுத்த மாதம் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

செபத்துக்குப் பிறகு கடுங்காப்பி கொடுக்கலாம். பலகாரம் வேண்டாம், அடுத்து நடத்தும் வீட்டுக்குச் சுமையாகிவிடும். கலைவதற்குமுன் அடுத்த வீட்டையும் தேதியையும் அறிவியுங்கள். அடுத்த கூட்டத்தைத் தொடங்கும்போது, சென்ற மாதம் முடிவுசெய்தது என்ன ஆயிற்று என்று முதலில் கேளுங்கள்.