வெல்டிங் பட்டறையில் ‘ஒரு டேக்தானே’ என்று செய்யும் தவறுகள்

கேட், கிரில் பட்டறைகளில் நீளமாக வெல்டு ஓட்டும்போது யாரும் கண்ணாடியை மறப்பதில்லை. கண் கெடுவது டேக் (இரும்புத் துண்டுகளை இடத்தில் நிறுத்த வைக்கும் சின்ன வெல்டு) அடிக்கும்போதுதான். ஒரு கை சட்டத்தைப் பிடித்திருக்கும், மறு கையில் வெல்டிங் ராடு மாட்டிய ஹோல்டர். முகமூடி பிடிக்க மூன்றாவது கை இல்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்து ராடை உரசுவார்கள். இமை மூடுவதற்குள் வெளிச்சம் உள்ளே போய்விடும். பத்து டேக் என்றால் பத்து முறை.

அப்போது ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தி நீர் வடியும். புற ஊதாக் கதிர் பட்டு கருவிழியின் மேல்தோல் வெந்ததால் வரும் வலி இது. உருளைக்கிழங்கு, தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். புண்ணில் கிருமி சேரும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டால் புண் ஆறுவது தள்ளிப்போகும். ஈரத்துணி ஒத்தடமும் இருட்டறையும் போதும், பெரும்பாலும் இரண்டு நாளில் ஆறிவிடும். ஒரு நாள் கழிந்தும் குறையாவிட்டாலோ பார்வை மங்கினாலோ கண் டாக்டரிடம் போங்கள்.

சட்டத்தைக் கையால் பிடிக்காமல் மேக்னெட்டிலோ சி-கிளாம்பிலோ நிறுத்தினால் ஒரு கை மிச்சம். 2.5, 3.15 மி.மீ. ராடுக்கு 10-ம் நம்பர் கருப்புக் கண்ணாடி வேண்டும். கூலிங் கிளாஸ் காக்காது. பக்கத்தில் பிடித்துக்கொடுக்கும் பையனுக்கும் ஒன்று கொடுங்கள். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சுடும்.

ஜிஐ பைப்பும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இப்படித்தான், தாமதமாகத் தாக்கும். மேலே பூசிய துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆர்க், அதாவது வெல்டிங் பொறி, அதைவிடப் பல மடங்கு சூடு. அதனால்தான் வெள்ளைப் புகையும் பஞ்சுபோன்ற தூசியும் கிளம்புகின்றன. இந்தப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் வாயில் உலோகச் சுவை, தாகம், பிறகு குளிர்காய்ச்சல், உடம்பு வலி. மலேரியா என்று நினைத்து மாத்திரை போடுபவர்கள் உண்டு. தினமும் சுவாசித்தால் உடம்பு பழகியதுபோல் இருக்கும். ஞாயிறு லீவு முடிந்து திங்களன்று மறுபடி வரும். பால் குடிப்பது இதைத் தடுக்காது. வெல்டு விழும் இடத்தின் இரு பக்கமும் 2 அங்குலம் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், அதற்கும் என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு. ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் வைத்தால் புகை சுழன்று முகத்துக்கே வரும். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிரைண்டர் மட்டும் தாமதிப்பதில்லை. 4 அங்குல மெஷின் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். கார்டை (டிஸ்க்கை மூடியிருக்கும் தடுப்பு) கழற்றி அதில் 7 அங்குல டிஸ்க்கை மாட்டினால், விளிம்பு வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் எல்லை 80. கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் தேய்ப்பதும் அதே அளவு ஆபத்து, மெல்லிய டிஸ்க் வளைந்து சிதறும். புது டிஸ்க் மாட்டியதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு இரும்பில் வையுங்கள்.